இடம் பிடிக்கிற அன்ரி

ஸ்காபரோவில் ஒரு கலியாண மண்டபம். பனி கொட்டிக்கொண்டிருந்த பின்னேரம். கார்கள் விடும் வளவில், காஞ்சிபுரம் சேலைக்கு மேலே மருமகனின் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு பெண்மணி இரண்டு கைகளையும் அகல விரித்தபடி நின்றார். அவருக்கு முன்னால் ஒரு பெரிய பிக்கப் வண்டி ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றது. அவர் அசையவில்லை. "பீப்பிள் கமிங்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பீப்பிள் நான்தான். இடம் கிடைக்காமல் மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்த என்னுடைய வானுக்காகத்தான் அன்ரி அங்கே இறங்கி நின்று இடம் பிடித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு மானம் போய்விட்டது. வானை நடுவழியில் நிறுத்திவிட்டு அந்த மனிதனிடம் மன்னிப்புக் கேட்க ஓடினேன். அன்ரி என்னைத்தான் ஏசினார். "நீர் ஏன்காணும் இறங்கினனீர்? முதல் வானை உள்ளுக்கு விடும். மன்னிப்புப் பிறகும் கேக்கலாம். இடம் பிறகு வராது."

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஸ்டீல்ஸ் வீதிக்கு வடக்கே, சோளக்காட்டை உழுது தள்ளிவிட்டுப் புதிதாகக் கட்டிய வீடுகளில் ஒன்றின் கீழே, நிலத்தடிப் பேஸ்மென்ரில் நான் குடியிருந்தேன். மேலே வீட்டுக்காரர்கள். அவர்களோடு, மருமகன் வீட்டுக்கு வந்த விருந்தாளி என்ற எண்ணம் கொஞ்சமும் இல்லாமல், வீட்டையே ஆண்டுகொண்டு அன்ரி. மகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் முதியோர் இல்லத்தில் வேலை, மருமகனுக்குத் தொழிற்சாலையில் வேலை. அன்ரி அங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபைக் கிறிஸ்தவர். நான் யாழ்ப்பாணத்துச் சைவம், வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் தொடாதவன். அஜின்கோர்ட் தமிழ்க் கடை ஒன்றுக்கு மரக்கறியும் மீனும் ஏற்றுகிற வான் ஒன்று என்னிடம் இருந்தது. எனக்கும் இங்கிலாந்துத் திருச்சபைக்கும் இருந்த சம்பந்தம் அந்த வான் மட்டும்தான். இடைக்கிடை ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னைச் சேர்ச்சுக்கு ஏற்றி இறக்க அதுவே போதும் என்று அன்ரி முடிவெடுத்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் அவரை எல்லாரும் 'இடம் பிடிக்கிற அன்ரி' என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபிக்க மாட்டார். ஃபின்ச் பஸ்ஸில் ஏறினால் கைப்பையை ஒரு சீட்டில், குடையை ஒரு சீட்டில், கம்பளித் தொப்பியை இன்னொரு சீட்டில் வைத்துவிட்டு, அடுத்தடுத்த தரிப்புகளில் ஏறப்போகிற ஆட்களுக்காகத் தான் நின்றுகொண்டே போவார். குடும்ப வைத்தியரின் கிளினிக் திறக்குமுன்னரே போய்க் கதவடியில் நின்று, இன்னும் படுக்கையை விட்டு எழும்பாத அயல்வீட்டுக் குடும்பத்துக்கும் சேர்த்து வரிசை பிடிப்பார். அவர்கள் தூக்கக் கலக்கத்தோடு வந்து சேரும்போது வரிசையில் நிற்கிறவர்கள் முறைப்பார்கள். அன்ரி அதைக் கவனிக்கவே மாட்டார். "இவை அப்பவே என்னோடை நிண்டவை, உங்களுக்குத் தெரியேல்லை" என்று கூசாமல் பொய்யும் சொல்வார்.

ஒருமுறை றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்கு நான் சிநேகிதர்களோடு போனேன். சதுர்த்தி, நல்ல கூட்டம். வீட்டில் தனியே இருக்கப் பிடிக்காமல் அன்ரியும் வானில் ஏறிக்கொண்டார். உள்ளே வர மாட்டார், கீழே அன்னதான மண்டபத்தில் இருக்கிறேன் என்றார். நாங்கள் பூசை முடிந்து இறங்கியபோது, சாப்பாட்டு வரிசை வாசல்வரை வளைந்து நின்றது. முன்னுக்கு, சாம்பார் வாளிக்கு நேரே, அன்ரி. எங்களைக் கண்டதும் கையைத் தூக்கி, "தம்பியவை, இஞ்சை வாங்கோ, இடம் கிடக்கு" என்று கூப்பிட்டார். கிறிஸ்தவரான ஒரு வேதக்காரப் பெண்மணி பிள்ளையார் கோயிலில் சைவர்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்த கதையை என் சிநேகிதர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

இப்படிப்பட்ட ஒருவர் பஸ் சீட்டோடு நிற்பாரா? ஒரு சேர்ச்சுக்கே இடம் பிடிக்கக் கிளம்பினார்.

விஷயம் இதுதான். எங்கள் வீடுகள் நின்ற நிலம் முன்னர் வெறும் தோட்டங்களாக இருந்த காலத்தில், அங்கிலிக்கன் சபை அதை மூன்று பங்குகளாக, ஒவ்வொன்றும் ஒரு சேர்ச்சின் எல்லையாக, பிரித்திருந்தது. ஒவ்வொரு பங்குக்கும் வயல்களுக்கு நடுவே ஒரு சின்னச் சேர்ச். அந்த மூன்று பங்குகளின் எல்லைகளும் வந்து முட்டுகிற மூலையில்தான் எங்கள் புதிய வீடுகள் எழும்பியிருந்தன. எங்கள் தெருவின் இந்தப் பக்கம் ஒரு பங்கு, எதிர்ப்பக்கம் வேறொன்று, தெரு முடக்கைத் தாண்டித் திரும்பினால் மூன்றாவது. எதிரெதிர் வீட்டில் இருந்த அண்ணனும் தம்பியும் சட்டப்படி வேறு வேறு பங்கு. எந்தச் சேர்ச்சுக்கும் நடந்து போக முடியாது, ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் பஸ்ஸும் இல்லை. மூன்று பங்குகளும் தங்கள் மூலைகளைக் கொஞ்சம் வெட்டிக் கொடுத்தால் நடுவில் ஒரு புதிய பங்கு உண்டாகும், பக்கத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் தமிழிலேயே ஆராதனை வைக்கலாம் என்பது அன்ரியின் திட்டம்.

மறைமாவட்டத்திலிருந்து ஆர்ச்டீக்கன் என்று ஒருவர் வந்தார். பிஷப்புக்கு அடுத்த படியில் இருக்கிற பாதிரியார், நல்ல உயரம். சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தார். அது சுருண்டு சுருண்டு எழும்பியது. அன்ரி நான்கு மூலையிலும் ஒவ்வொரு கோப்பை வடை வைத்துப் படியவைத்தார். நான் மொழிபெயர்க்க இருந்தேன். ஆர்ச்டீக்கன் விரலால் ரோட்டுகளைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார், இதுவரை ஒரு பங்கு, இதற்கப்பால் மற்றது என்று. பிறகு, இந்தப் பகுதியில் தமிழ் அங்கிலிக்கன் குடும்பங்கள் எத்தனை இருக்கும் என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் கைவிரலுக்குள் அடங்கிவிடும். அன்ரி அவரைக் கையில் பிடிக்காத குறையாக ஜன்னலடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெளியே, கண்ணுக்கெட்டிய தூரம்வரை புது வீடுகளுக்கு வெட்டிய அத்திவாரக் கிடங்குகள், சேறு, கல்லுக் குவியல், கிரேன்.

"பீப்பிள் கமிங்" என்றார் அன்ரி.

ஆர்ச்டீக்கன் அந்தக் கிடங்குகளைப் பார்த்தார், அன்ரியைப் பார்த்தார், பிறகு மேசைக்குத் திரும்பி வந்து இன்னொரு வடை எடுத்தார். அந்த வடையோடு எனக்கு விளங்கிவிட்டது, மனிதர் விழுந்துவிட்டார் என்று. எனக்கும் உள்ளுக்குள் ஒரு துள்ளல். பள்ளிக்கூடம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். புதிய பங்கு வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நான் மத்தியானம்வரை படுக்கலாம்.

ஆனால் மூன்று பங்குகளின் சபையாரும் கூட்டம் கூடிச் சம்மதிக்க வேண்டும். இரண்டு பங்குகள் பிரச்சினை இல்லாமல் தலையாட்டிவிட்டன. எங்கள் வீடுகளில் பெரும்பாலானவை மூன்றாவது பங்கில் இருந்தன. அங்கே கைதூக்கி வாக்களிக்க வேண்டுமென்றால் சில மாதங்களாவது ஒழுங்காக அங்கே போய் வந்த ஆளாக இருக்க வேண்டும் என்று ஆர்ச்டீக்கன் சொன்னார். "அவ்வளவுதானே, போவம்" என்றார் அன்ரி. அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் என்னுடையது அல்ல.

வானின் பின்புறத்தில் மீன்பெட்டிகளை இறக்கிவிட்டுப் பழைய சீட்டுகளைப் பொருத்திப் பூட்டினேன். எவ்வளவு கழுவினாலும் மணம் போகவில்லை. வாசனைத் தைலம் பூசிய சேலைகள் முன்னால் போக, சூடை மீன் மணம் பின்னால் போகும். நான் வெட்கப்பட்டால், "யேசுவின்ரை முதல் சீஷர்மாரே மீன் பிடிச்ச ஆக்கள்தான், நீர் பேசாமல் ஓட்டும்" என்பார் அன்ரி.

மூன்றாவது பங்கில் முதல் ஞாயிறு. வயல்வெளிக்கு நடுவே, இடுகாட்டை அணைத்துக்கொண்டு ஒரு கல்லுச் சேர்ச். உள்ளே நரைத்த தலைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. என்னுடைய வானில் வந்தவர்கள் பாதிப் பேர், மிச்சப் பேர் தங்கள் கார்களில் பிந்தி வந்துகொண்டிருந்தார்கள். அன்ரி நேரே முன்னுக்குப் போய், இடப்பக்கம் மூன்றாவது வரிசையில் இருந்த நீள மர வாங்கு முழுவதையும் பிடித்தார். கைப்பை, குடை, செபப்புத்தகம், சால்வை, இரண்டு கையுறைகளையும் தனித்தனியாக இரண்டு இடத்தில். ஒரு வயதான மனிதர் வந்து வாங்குக்குப் பக்கத்தில் நின்றார். கோட் சூட் போட்டிருந்தாலும் கை மண்ணில் உழைத்த கமக்காரனின் கை. அன்ரி அவரைப் பார்த்துச் சிரித்து, "பீப்பிள் கமிங்" என்றார். அவர் தலையைக் குனிந்து, ஒரு சொல்லும் சொல்லாமல் பின்னால் போய்த் தூணுக்குப் பக்கத்தில் இருந்தார்.

ஆராதனை முடிந்து கோப்பி குடிக்கும்போது, ஓர்கன் வாசிக்கிற அம்மா என்னை மெல்லக் கூட்டிக்கொண்டு போய் அந்த வாங்கின் ஓரத்தைக் காட்டினார். சின்னப் பித்தளைத் தகடு. அந்த மனிதருடைய பாட்டனின் பெயர் அதில் இருந்தது. சேர்ச் கட்டின நாளிலிருந்து அந்தக் குடும்பம் வேறு வாங்கில் இருந்ததே கிடையாதாம். அவர்தான் அங்கே சபைக் காரியங்களைப் பார்க்கிற மூத்த வார்டன், கூட்டத்தில் அவர் கை எந்தப் பக்கமோ மற்றவர்களின் கையும் அந்தப் பக்கம் போகுமாம். முதல் நாளே வந்த காரியத்தைக் கெடுத்தாயிற்று.

அன்ரியிடம் சொன்னேன். முகம் ஒரு கணம் மாறியது. பிறகு, "அப்ப ஏன் அந்த மனுசன் வாய் திறந்து சொல்லேல்லை?" என்று அவரையே குறை சொன்னார்.

"அதுகள் சொல்லாதுகள் அன்ரி. நீங்கள்தான் பாத்து நடக்கவேணும்."

"சரி, சரி. வாற கிழமை பாப்பம்."

நான் நினைத்தது, வருகிற கிழமை அன்ரி வேறு வாங்குக்குப் போவார் என்று. அவரோ அதே வாங்கில் ஏறி இருந்தார். ஆனால் உள்பக்கத்து மூலையில் தன் கைப்பையை வைத்துவிட்டு, அங்கே இருக்கப்போன எங்கள் ஆட்களையே துரத்தினார். "எழும்புங்கோ, உது அந்த ஐயாவின்ரை இடம்." கிழவர் கதவுக்குள் நுழைந்ததும் எழும்பி நின்று கைகாட்டிக் கூப்பிட்டார். தன்னுடைய பாட்டன் பெயர் எழுதிய வாங்கில் அந்த மனிதர் அன்ரியின் விருந்தாளியாக வந்து இருந்தார். இருக்கும்போது உதட்டோரம் ஒரு சிரிப்பு ஓடியது. எனக்கு உயிர் வந்தது.

அதற்குப் பிறகு கிழமைக்குக் கிழமை கூட்டம் கூடியது. எங்கிருந்துதான் அங்கிலிக்கன்மாரைத் தேடிப் பிடித்தாரோ தெரியாது. கிடங்குகள் வீடாகி, வீடுகளுக்கு ஆட்கள் வர வர, சாமான் இறக்குகிற லொறியடியிலேயே அன்ரி போய் நிற்பார். "வேதமோ, சைவமோ?" என்று முதல் கேள்வி. சைவம் என்றால் ஒரு சிரிப்போடு விட்டுவிடுவார். வேதம் என்றால் ஞாயிறு எத்தனை மணிக்கு வான் வரும் என்று சொல்லிவிட்டுத்தான் பெயரைக் கேட்பார். ரெக்ஸ்டேலில் இருந்த ஒரு குடும்பத்தை வீடு மாறிப் பக்கத்துத் தெருவுக்கே வரப்பண்ணிவிட்டார். கோப்பி மேசையில் எங்கள் கட்லட் வந்தது, அவர்களின் அப்பிள் பை வந்தது. உறைப்புத் தாங்காமல் கண்ணீர் வடிய வடிய அந்தக் கிழவிகள் கட்லட் தின்றார்கள். பாட்டுகளுக்குச் சுருதி சேர்ந்தது. நான் பின்வாங்கில், சூடு வருகிற குழாய்க்குப் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். வெளியே வானுக்குள் இருந்து விறைப்பதைவிட இது நல்லதுதானே.

ஒருநாள் திரும்பி வரும்போது கேட்டேன். "அன்ரி, இவ்வளவு நல்ல சனம். இதுக்குள்ளை எங்களுக்கெண்டு வேறை பங்கு என்னத்துக்கு?"

அன்ரி குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"தம்பி, எனக்கு இங்கிலிசு விளங்கும். ஆனா வாயிலை வராது. ஊரிலை கோயிலுக்கை செபம் தொடங்கினால் என்ரை சத்தம்தான் முன்னுக்குக் கேக்கும். இஞ்சை எல்லாரும் சொல்லேக்கை நான் சொண்டை மட்டும் ஆட்டிக்கொண்டு நிக்கிறன். கனடாவுக்கு வந்த நாள் தொடக்கம் சபைக்கு நடுவிலை நான் வாய் திறக்கேல்லை. இப்பிடியே ஊமையாச் செத்துப்போவனோ எண்டு பயமாக் கிடக்கு."

பிக்கப் வண்டிக்கு முன்னால் கை விரித்து நின்ற மனிசி இதைச் சொன்னார். எனக்கு ரோட்டைப் பார்க்கவே முடியவில்லை. எப்படியும் அந்தப் பங்கு வந்தே தீரவேண்டும் என்று அன்றைக்கு நான் பிள்ளையாரிடமும் ஒரு சொல்லுச் சொல்லி வைத்தேன்.

பிறகு அந்தப் பனிப்புயல் ஞாயிறு. போக வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், அன்ரி கேட்கவில்லை. வயல் ரோட்டில் வான் வழுக்கிப் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது. பின்னால் வந்த எங்கள் கார்களும் நின்றுவிட்டன. கைத்தொலைபேசி எங்கள் கைக்கு வராத காலம். குழந்தைகள் அழ, ஆம்பிளைகள் ஆளுக்கொரு யோசனை சொல்ல, நான் எல்லாரிலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். தூரத்தில் ஒரு சத்தம். பார்த்தால், ஞாயிற்றுக்கிழமைக் கோட் சூட்டோடு, காது மூடிய தொப்பியோடு, கிழவர் டிராக்டரில் வந்துகொண்டிருந்தார். ஆராதனை தொடங்க நேரமாகியும் நாங்கள் வரவில்லை என்றதும் தேடி வந்திருக்கிறார். சங்கிலி போட்டு வானை இழுத்தெடுத்தார்.

நாங்கள் சேர்ச்சுக்குள் போனபோது பாதிரியார் இன்னும் தொடங்காமல் காத்துக்கொண்டிருந்தார். உள்ளே வாங்குகளைப் பார்த்தேன். அந்தக் கிழடுகள் தங்கள் தொப்பி, கழுத்துத் துணி, கையுறை, ஊன்றுகோல் எல்லாவற்றையும் வாங்குகளில் பரப்பி, எங்கள் ஒவ்வொருவர் இடத்தையும் பிடித்து வைத்திருந்தார்கள். ஓர்கன் வாசிக்கிற அம்மா எங்களைப் பார்த்து, ஆட்கள் வருகிறார்கள் என்று அன்ரியின் அதே இரண்டு சொல்லில் சொன்னார். அன்ரி அவரைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் கொஞ்சினார்.

அந்த அன்பில்தான் சிக்கல் முளைத்தது.

கூட்டத்துக்கு இரண்டு கிழமை முன்னதாக ஆர்ச்டீக்கன் வந்து எல்லார் முன்னாலும் விளக்கம் சொன்னார். ஒளிக்காமல் சொன்னார். புதிய வீடுகள் எல்லாம் புதிய பங்குக்குப் போய்விட்டால் இந்தச் சேர்ச்சுக்கு மிச்சம் வயலும் இடுகாடும்தான், இதை எவ்வளவு காலம் நடத்தலாம் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். கோப்பி மேசையில் ஒருவரும் கட்லட்டைத் தொடவில்லை. கிழவர் அன்ரியிடம் வந்தார். கோபமே இல்லை. நீங்கள் போன பிறகு எங்கள் வாங்குகளில் யார் இருப்பார்கள் என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன், அதற்குத் தேவை இருக்கவில்லை. அன்ரிக்கு விளங்கிவிட்டது. அவருடைய வாயில் அந்த இரண்டு சொல் வரவில்லை.

வானுக்குள் ஏறியதும், "பாவம் தம்பி அந்த மனுசன்" என்றார்.

"அப்ப விடுவமோ?"

"விட ஏலாது." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த இரண்டு கிழமையும் வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. எங்கள் சனத்துக்கு முகம் முறிக்கத் தெரியாது, அது ஒரு வியாதி. "அன்ரி, எங்களைப் பள்ளத்துக்கிலையிருந்து இழுத்த மனுசன்ரை முகத்துக்கு முன்னாலை எப்பிடிக் கை தூக்கிறது?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். "முகத்தைப் பாக்காதேங்கோ, கையைத் தூக்குங்கோ" என்று அன்ரி எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னார். குரலில் பழைய பலம் இல்லை.

கூட்ட நாள். சேர்ச் நிறைந்திருந்தது. நான் சைவன், எனக்குக் கை தூக்க உரிமை இல்லை, என் குழாயடியில் இருந்து எட்டி எட்டிப் பார்த்தேன். எங்கள் பக்கத்துக் கணக்காளர் அங்கிள் ஒருவர் எழும்பி, தமிழர் சார்பாகப் பேசுகிறேன் என்று தொடங்கி, உங்களைப் போல உறவை நாங்கள் எங்கும் காணவில்லை, உங்களை விட்டு எங்கே போவோம் என்று உருகி முடித்துவிட்டுத் தன் வாங்கில் இருந்தார். அன்ரி நெற்றியில் கை வைத்தார். ஆர்ச்டீக்கனுக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும். புதிய பங்குக்குச் சம்மதிக்கிறவர்கள் கை தூக்கட்டும் என்றார்.

அன்ரியின் கை முதலில் எழும்பியது. அதைச் சுற்றி எங்கள் சனத்தின் கை ஒன்றும் எழும்பவில்லை. எல்லாரும் மடியைப் பார்த்தபடி இருந்தார்கள். மூன்றாவது வாங்கில் அந்த ஒற்றைக் கை வளையலோடு தனியே நின்றது. அந்த நேரம் அதற்குப் பக்கத்தில் இன்னொரு கை எழும்பியது. தடித்த, தோல் வெடித்த கை. கிழவர். அவர் அன்ரியைப் பார்க்கவில்லை, நேரே பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஓர்கன் அம்மா. பிறகு கட்லட் தின்று அழுத கிழவிகள் ஒருவர் பின் ஒருவராக. நரைத்த தலைகள் எல்லாம் கை தூக்கி முடிந்தன.

எதிர்ப்பவர்கள் என்று ஆர்ச்டீக்கன் கேட்டார். எங்கள் சனம், களவு பிடிபட்ட ஆட்கள் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு, பாதிக் கையைத் தூக்கியது. புதிய பங்கு கேட்டவர்களே வேண்டாம் என்கிறார்கள், சேர்ச்சை இழக்கப்போகிறவர்கள் வேண்டும் என்கிறார்கள். ஆர்ச்டீக்கன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கேள்வி எல்லாருக்கும் விளங்கியதா, திரும்ப ஒருமுறை கேட்கட்டுமா என்றார்.

அன்ரி எழும்பினார். திரும்பி எங்கள் சனத்தைப் பார்த்து நின்றார். இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மெல்லிய குரலில், தமிழில் பேசினார்.

"உங்களுக்கு விசரோ? அந்த மனுசர் தங்கடை நெஞ்சைப் பிச்சுத் தருகினம், நீங்கள் வேண்டாம் எண்டு தட்டிவிடுறியள். உதுதான் மரியாதையோ? இவையை விட்டிட்டு எப்பிடிப் போறது எண்டு ஒருத்தரும் யோசிக்க வேண்டாம். அதை நான் பாத்துக்கொள்ளுறன். பிள்ளையள் தமிழிலை பாடவேணும், நாளைக்கு வாற சனம் நடந்து வரவேணும். இப்ப கையை ஒழுங்காத் தூக்குங்கோ. ஆர் தூக்கேல்லை எண்டு நான் பாத்துக்கொண்டு நிப்பன்."

அன்ரி செபம் சொல்கிறார் என்று நினைத்து, முன்வாங்குக் கிழவிகள் கண்ணை மூடிக்கொண்டு தலை வணங்கினார்கள். அவர் பேசி முடித்து அமர்ந்ததும் ஆமென் என்றுகூடச் சொன்னார்கள்.

இரண்டாம் தரம் கேட்டபோது சேர்ச் முழுவதும் கைதான் தெரிந்தது. என்னுடைய கையும் தன்பாட்டில் எழும்பிவிட்டது. ஆர்ச்டீக்கன் என்னைப் பார்த்துச் சிரித்தார், எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. பிறகு ஒரே கைகுலுக்கலும் அழுகையும் சிரிப்புமாக இருந்தது. மத்தியானம் வீட்டுக்கு வரும்போது வானுக்குள் பாட்டுச் சத்தம் தாங்க முடியவில்லை. நானும் சேர்ந்து ஹோர்ன் அடித்தேன். இனி ஞாயிற்றுக்கிழமை நித்திரை என்று நினைக்க நினைக்க எனக்கு அப்படி ஒரு சந்தோசப் புளுகம்.

புதிய பங்கின் முதல் ஆராதனைக்கு முதல்நாள் பள்ளிக்கூட மண்டபத்தில் கதிரை அடுக்கியவர் அன்ரிதான். கூடைப்பந்துக் கோடுகளுக்கு மேலே ஒரு மேசை, அதற்கு வெள்ளை விரிப்பு, சிலுவை. தமிழ்ப் பாதிரியார் ஒருவரை மறைமாவட்டம் அனுப்பியிருந்தது. ஞாயிறு காலமை நான் போர்வைக்குள் இருக்க, பேஸ்மென்ர் கதவில் தட்டுச் சத்தம் கேட்டது. அன்ரி சேலை உடுத்து, கோட் போட்டு நின்றார்.

"வானை எடும் தம்பி."

"அன்ரி, நடந்தால் ரெண்டு நிமிசம்."

"எடும் எண்டுறன்."

முணுமுணுத்துக்கொண்டு எடுத்தேன். பள்ளிக்கூட வாசலில் நிறுத்தச் சொன்னார். நானும் பின்னால் போனேன். நடந்து வந்த சனம், தள்ளுவண்டியில் குழந்தைகள், நான் முன்பின் கண்டிராத முகங்கள் என்று மண்டபம் நிறைந்துகொண்டிருந்தது. கதிரை போதாமல் ஆம்பிளைகள் சுவரோடு நின்றார்கள். பாட்டுத் தொடங்கியது. தமிழில் அவ்வளவு சத்தமாக எழும்பியபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அன்ரி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு முதல் அடியைக் கேட்டார். கண்ணைத் துடைத்தார். பிறகு திரும்பி வந்து வானில் ஏறினார்.

"சந்தியிலை வலப்பக்கம் திருப்பும்" என்றார்.

வலப்பக்கம் வயல் ரோட்டு.

"அன்ரி, இதுக்குத்தானே இவ்வளவு பாடுபட்டனீங்கள். வாய் திறக்கவேணும் எண்டு அழுதனீங்கள்."

"ஓம். அங்கை இப்ப எல்லாரும் வாய் திறக்கினம். அந்த வயல் சேர்ச்சுச் சனத்திட்டை ஆர் போறது? நான் பாத்துக்கொள்ளுறன் எண்டு சொன்னனான். பின்னைச் சும்மாவோ சொன்னது? நேரம் போட்டுது, கெதியா விடும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இனி எத்தனை ஞாயிறு இந்த ரோட்டில் ஓடவேண்டும் என்று யோசித்துக்கொண்டே வானை ஓட்டினேன். பக்கத்தில் அவரைப் பார்க்கப் பார்க்க அந்தக் கோபம் கையில் நிற்கவில்லை. இப்படி ஒரு மனிசியை ஏற்றி இறக்கக் கிடைத்ததே என்று பெருமையாகக்கூட இருந்தது.

கல்லுச் சேர்ச்சில் பழையபடி அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகள். மூன்றாவது வாங்கில் கிழவர் தனியே இருந்தார். அன்ரியைக் கண்டதும் ஒன்றும் கேட்கவில்லை, சற்று உள்ளே தள்ளி இருந்தார். அன்ரி பக்கத்தில் இருந்தார். நான் குழாயடிக்குப் போகாமல் அவர்களுக்குப் பின்வாங்கில் இருந்தேன். ஆராதனை நடந்தது. யேசுநாதர் கற்பித்த அந்தச் செபத்துக்கு எல்லாரும் எழும்பினார்கள். வழக்கம்போல இங்கிலிசில் மெல்லிய முணுமுணுப்பாகத் தொடங்கியது. அதற்கு நடுவே, கல்லுச் சுவரில் பட்டுத் திரும்புகிற மாதிரி, ஒரு பெரிய குரல் தமிழில் எழும்பியது. சொண்டை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்ற அன்ரி வாய் திறந்து சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தமிழில் அது நீளம், அவர்கள் இங்கிலிசில் சொல்லி முடித்துவிட்டார்கள். அன்ரி கண்ணை மூடியபடி, அவசரப்படாமல், ஒரு சொல்லையும் விடாமல் சொல்லிக்கொண்டே போனார். கிழவரும் பாதிரியாரும் மற்றவர்களும் கைகட்டிக் காத்து நின்றார்கள். அவர் முடித்தபிறகு எல்லாருமாக ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன்.